அக்காவுக்கு ஓர் அஞ்சலி

புத்தக வெளியீட்டு விழாவன்று விடியவே இராசமணி நண்டுக்கறி வைத்துவிட்டாள். தம்பி பாலசிங்கத்துக்கு நண்டென்றால் உயிர். கொழும்பில் உத்தியோகம், நாவலாசிரியர் என்ற பெயர், பத்திரிகையில் படம், எல்லாம் வந்த பிறகும் அல்லைப்பிட்டிக்கு வந்தால் அக்காவின் குசினியில் சப்பாணி கட்டியிருந்து நண்டுக்கால் உறிஞ்சுகிற ஆள்தான்.

வருவது மட்டும் ஒளித்து. புங்குடுதீவில் காணியும் மிடுக்குமாக இருந்த வைத்திலிங்கத்தாரின் மகள் இராசமணி, வலை வீசுகிற இராயப்புவோடு போய்த் தேவாலயத்தில் கலியாணம் முடித்தவள். தகப்பன் தலைமுழுகினார். செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டியை உயிரோடு இருந்தவளுக்குச் செய்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறும் போட்டார். அதற்குப் பிறகும் அவளை அக்கா என்று கூப்பிட்டது தம்பி ஒருத்தன்தான். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் பஸ்ஸால் இடையில் இறங்கி, அவளிடம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

"இந்த விழாவில உங்களை மேடையில ஏத்தி, இவதான் என்ர அக்கா எண்டு சொல்லுவன். புத்தகத்தையும் அங்கைதான் உங்கட கையில தருவன்," என்று போன முறை விரலை நக்கிக்கொண்டே சொன்னான். அவள் நம்பினாள்.

இராயப்பு வரவில்லை. "நான் வந்தா அவனுக்குக் கரைச்சல், நீ போ," என்றுவிட்டான். கலியாணச் சேலையை உடுத்திக்கொண்டு ஊர்காவற்றுறை மண்டபத்தில் அவள் கடைசி வரிசைக் கதிரையில் இருந்தாள். முன்வரிசையில் தகப்பனும் சொந்தக்காரரும்.

தலைவர் யாழ்ப்பாணத்துப் பெரிய மனுசர். தொண்டையைச் செருமினார். "இது கதையல்ல, ஆசிரியரின் வாழ்க்கை. ஒரு வரியும் கற்பனையில்லை என்று முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். அவரை ஊட்டி வளர்த்த அக்கா காய்ச்சலில் கண்மூடும் இடத்தில் நான் அழுதுவிட்டேன். அந்தப் புண்ணியவதிக்காக அனைவரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்துவோம்."

சனம் எழும்பியது. இராசமணிக்கு முதலில் விளங்கவில்லை. பாலசிங்கத்துக்கு வேறு அக்கா கிடையாதே என்று உறைத்தபோது அவளும் எழும்பித்தான் நின்றாள். தன் சாவுக்குத் தானே அஞ்சலி.

தம்பியைப் பார்த்தாள். இப்போது சொல்லுவான், அந்தா இருக்கிறா என்று ஒரு சொல் போதும். அவனும் அவளைக் கண்டான். பிறகு தகப்பனைப் பார்த்தான். தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டான். மண்டபத்தில் அவனைப்போல உருக்கமாக நின்றவர் எவருமில்லை, பாவி.

"பாவம், என்ன மாதிரித் தம்பியை வளர்த்துப்போட்டுப் போட்டா," என்று பக்கத்து மனுசி மூக்கைச் சிந்தினாள்.

"ஓம்," என்றாள் இராசமணி.

தகப்பன் செய்த அந்தியேட்டி அவளுக்கு இப்படிச் சுடவில்லை. அவர் கோபத்தில் செய்தார். இவன் அவளிடம் சாப்பிட்டுவிட்டுப் போய் ஆற அமர இருந்து எழுதியிருக்கிறான். கூட்டம் முடியுமுன் பஸ் ஏறிவிட்டாள்.

பொழுதுபடப் பாலசிங்கம் அவள் வீட்டுப் பின்படலையைத் திறந்துகொண்டு வந்தான்.

"கோவிக்காதேங்கோ அக்கா. அய்யா முன்னுக்கு இருந்தவர், வாய் திறக்க ஏலாமப் போச்சு. கதைக்கும் அந்தச் சாவு தேவைப்பட்டது."

அவன் பழக்கத்தில் கையைக் கழுவிக்கொண்டு குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தான். அடுப்பில் வெறும் சாம்பல். கறிச்சட்டியை அவள் வந்தவுடனே அயல்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

"சாப்பாடு இல்லையோ? பசிக்குது அக்கா."

இராசமணி குசினி வாசலை மறித்து நின்றாள்.

"செத்த வீட்டில அடுப்பு மூட்டுறேல்லை, தம்பி. அயலுக்குள்ள ஆரும் சோறு தருவினம், போய்க் கேள்."