தரை தொடாத பத்தொன்பது சாடிகள்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தோராம் ஆண்டு, மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கிய வாரம், ஜும்ஆ முடிந்து ஆண்கள் வீடு திரும்பிய பிறகு, பின்னேரத்தில், காத்தான்குடி ஸைனம்புவின் கறிச்செடிச் சாடிகள் பத்தொன்பதும் நிலத்தை விட்டு ஒரு சாண் எழும்பி அப்படியே நின்றன. அன்று சந்தையில் கணவாய் மலிவு. வேறு விசேஷம் எதுவும் இல்லை. இதைக் கேட்டதும் சிலர் ஜின், செய்வினை என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதெல்லாம் கிடையாது. சாடிகளுக்குக் கோபம் வந்தது, அவ்வளவுதான். அந்தக் கோபம் நியாயமானது என்பதை, நடந்ததைக் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மணல். அந்த மணலில் தென்னை நிற்கும், கறிக்கு வேண்டிய இலைகுழை நிற்காது. காலையில் நட்ட புதினா பின்னேரத்து அஸர் தொழுகைக்குள் தேயிலைத்தூள் ஆகிவிடும். ஸைனம்புவின் கணவர் பதியுதீன் வாவியில் தோணி விட்டவர். அக்கரையில் இருக்கும் படுவான்கரைக்கு ஆள் ஏற்றிப்போய்த் திரும்பும்போதெல்லாம் வயல் வட்டையிலிருந்து ஒரு கடகம் கறுத்த மண் கொண்டுவருவார். இருபத்திரண்டு வருடம் கொண்டுவந்தார், பிறகு மௌத்தானார். அந்த மண்ணை ஸைனம்பு கையில் அகப்பட்ட பாத்திரங்களில் எல்லாம் நிரப்பினார். வெடித்த சோற்றுப்பானை, ஒழுகும் கிடாரம், மண்ணெண்ணெய்த் தகரம், காது போன வாளி என்று எதையும் விடவில்லை. பட்டணத்துத் துரை ஒருவர் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்து, ஊர் மாறும்போது விட்டுப்போன வெள்ளைப் பீங்கான் பாத்திரமும் அதில் ஒன்று. அது எதற்கானது என்று ஸைனம்புவுக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லவில்லை. புதினா அதில்தான் மிகச் செழிப்பாக வளர்ந்தது. கறிவேப்பிலை பெரிய பானையில், வாசத்துக்குப் போடும் ரம்பை தகரத்தில், இஞ்சி கிடாரத்தில், கொத்தமல்லியும் வல்லாரையும் கொச்சிக்காயும் மற்றவற்றில். அரிசி கழுவிய தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் முறை வைத்து ஊற்றுவார். நுனியைக் கிள்ளிக் கிள்ளிக் கிளை விடச் செய்வார். ஒவ்வொன்றின் அடியிலும் ஆணியைப் பழுக்கக் காய்ச்சித் துளை போட்டிருந்தார். துளை இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிடும். வம்பு அந்தத் துளை வழியாகத்தான் வந்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மூத்த மகள் கைறுன்னிஸாவைப் புடைவை வியாபாரி உசனார் நிக்காஹ் செய்து, தன் துணி அளக்கும் கோலோடு வந்து குடியேறியபோது, வீடு முறைப்படி மகளுக்குச் சீதனமாகப் போயிற்று. அதற்கான உறுதிப் பத்திரத்தை எழுதியவர் ஆரையம்பதி நொத்தாரிசு கதிர்காமத்தம்பி. 'வளவும் வீடும் கிணறும் மண்ணில் வேரூன்றிய சகலமும்' என்று எழுதி வாசித்தார். ஸைனம்பு பெருவிரலை வைத்தார். இனி இளைய மகள் றஸீனாவுக்காக வேலிக்கு அப்பால் அடுத்த வளவில் தென்னங்கிடுகுக் குடில் போட்டு அங்கே போகவேண்டும், அவளுக்கும் ஒரு வீட்டை உண்டாக்கவேண்டும். அடுத்த வளவிலும் அதே மணல்தான். அங்கே கொண்டுபோக ஸைனம்புவிடம் இருந்த ஒரே சொத்து சாடிகள்.

அந்த வெள்ளிக்கிழமை முதலில் கறிவேப்பிலைப் பானையைத் தூக்கினார். பானை வரவில்லை. துளை வழியாக வேர் இறங்கி மணலைப் பிடித்திருந்தது. பள்ளியிலிருந்து வந்த உசனார் குனிந்து பார்த்தார்.

"மாமி, அது வராது. வேர் விட்டுட்டு. வேர் விட்டா வளவுக்குத்தான் சொந்தம். உறுதியில இரிக்கி."

"சட்டியில நட்டது எப்பிடி மகன் வளவாகும்?"

"என்னட்டக் கேக்காதீங்க. நானா எழுதின? நொத்தாரிசு எழுதின."

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மனிதர் துணிக்கோலை எடுத்துவந்து, பத்தொன்பது சாடிகளையும் ஒவ்வொன்றாக நெம்பிச் சரித்து, அடியிலிருந்து எட்டிப்பார்த்த வேரை எல்லாம் அளந்தார். கொத்தமல்லியிலிருந்து நூல் போல ஒரு வேர் வந்திருந்தது, அதையும் விடவில்லை. ஊர் அதிகாரியான விதானை வந்தார். வண்டி அனுப்பி நொத்தாரிசையும் கூட்டிவந்தார்கள். அவர் இஞ்சித் தேத்தண்ணீர் இரண்டு கோப்பை குடித்தார். அந்த இஞ்சி எந்தக் கிடாரத்தில் விளைந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். குடித்து முடித்துவிட்டு, "தென்னையை நினைச்சுத்தான் எழுதின நான், ஸைனம்பு. ஆனா சகலமும் எண்டு எழுதினா சகலமும்தானே," என்றார். விதானை தலையை ஆட்டினார். தலையாட்டத்தான் அவர் வந்திருந்தார்.

ஸைனம்பு மருமகனைத் திட்டவில்லை. நொத்தாரிசையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பிச் சாடிகளைப் பார்த்தார்.

"வெக்கமில்லையா உங்களுக்கு? உப்புத்தண்ணி படாம வளத்தன. இருபத்திரண்டு வருசம் தோணியில மண் சுமந்தாரே, அந்த மனுசனுக்கு இதா நீங்க செய்யிற? ஆருட வளவுலயோ காலை நீட்டிக்கிட்டு நிக்கிறீங்க! எடுங்க காலை!"

புடைவை கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது. உசனார் பழக்கதோஷத்தில் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தடவிப் பார்த்தார். கிழிந்தது சாரம் இல்லை, வேர்கள் மணலிலிருந்து பிடுங்கிக்கொண்ட சத்தம். பத்தொன்பது சாடிகளும் ஒரு சாண் எழும்பின. உசனார் துணிக்கோலை அவற்றுக்குக் கீழே இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்தார், எங்கும் தட்டவில்லை. "வளவுக்கு மேல நிக்கிற காத்தும் வளவுதான்," என்றார். அந்தச் சொல்லுக்குச் சாடிகள் இன்னொரு சாண் எழும்பின.

அன்றிலிருந்து உசனார் ஒவ்வொரு முறை உரிமை பேசும்போதும் அவை ஒரு சாண் ஏறின. பட்டணத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்கு அவர் மனு எழுதிய நாளில் கூரை முகட்டைத் தாண்டின. ஒரு வருடம் கழித்துப் பதில் வந்தது: காற்றுக்குக் காணி இலக்கம் இல்லை, ஆனால் சாடி எவர் தலையிலாவது விழுந்தால் சாடிக்காரரே பொறுப்பு. அதன் பிறகு உசனார் ஒரு கிழமை, ஏழு நாளும், உரிமை பற்றி வாயே திறக்கவில்லை. அந்தக் கிழமை சாடிகள் ஒரு சாண் இறங்கியதை ஊரே பார்த்தது.

ஸைனம்பு கூப்பிட்டிருந்தால் சாடிகள் வேலியைக் கடந்து வந்திருக்கும். பலர் அப்படிச் செய்யச் சொன்னார்கள். "அது என்ட ஹக்கு, என்ட உரிமை. என்ட சாமான நான் ஏன் கள்ளி மாதிரிக் கூப்பிடணும்? வளவுக்காரர் நாலு பேர் காணக் குடுக்கட்டும்," என்று சொல்லிவிட்டார். விடியற்காலையில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அரிசித் தண்ணீரை மேலே வீசுவார். சாடிகள் சரிந்து வாங்கிக்கொள்ளும். உசனாரின் பக்கத்தில் ஒரு சொட்டும் விழாது. உசனார் ஏணி வைத்து ஏறினால் சாடிகள் கைக்கு எட்டாமல் விலகும். சந்தையில் இலை வாங்கிவந்தால் வேலிப் படலையைத் தாண்டியதும் அது வைக்கோலாகும். கைறுன்னிஸா இறால் சமைத்தாலும் நண்டு சமைத்தாலும் அவித்த துணியைத் தின்பது போலவே இருந்தது. "உன்ட கைக்கு என்ன வந்த?" என்று உசனார் நாள்தோறும் கேட்டார். அங்கே குடிலில் றஸீனாவின் நிக்காஹ் இரண்டு முறை தள்ளிப்போயிற்று. கறிக்கு ஒரு இலை இல்லாத வளவை மகளுக்குக் கொடுக்கமாட்டேன் என்று ஸைனம்பு நின்றார். மூன்றாவது முறையும் தள்ளினால் வேறு இடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள்.

முப்பத்துநான்கில் ஒரு நடுப்பகல். புதிய மனு ஒன்று எழுதுவதற்காக உசனார், விதானையையும் நொத்தாரிசையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். சோற்றின் அருகே பாயில் அந்த உறுதி விரிந்து கிடந்தது. ஒரு வாய் வைத்ததும் விருந்தாளிகளின் முகம் போன போக்கைப் பார்த்து உசனார், "மன்னிச்சுக்கங்க, இவட கையில ருசி இல்ல," என்றார்.

கைறுன்னிஸா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"நொத்தாரிசு ஐயா, அந்த உறுதியில ஆருட பேர் இரிக்கி?"

நொத்தாரிசு கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வாசித்தார். பிறகு இன்னொரு முறை வாசித்தார். "பதியுதீன் மகள் கைறுன்னிஸா எண்டு இருக்கு, புள்ள."

"இவர்ட பேர்?"

"சாட்சியிலயும் இல்ல."

மூன்று வருடம்! எழுதியவர் நொத்தாரிசு, தலையாட்டியவர் விதானை, தினமும் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு சத்தம் போட்டு வாசித்தவர் உசனார். வீடு பெண்ணுக்கு என்று பிறந்த நாளிலிருந்து அறிந்த ஊர் இது. கந்தோருக்கு எழுதிக் கேட்டார்கள், ஏணி வைத்துப் பார்த்தார்கள், காற்றையும் அளந்தார்கள். குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் இத்தனை நாள் தோன்றாமல் போனதை எண்ணி, அவள்தான் எல்லோரிலும் அதிகம் கொதித்தாள் என்கிறார்கள்.

முற்றத்தில் போய் நின்று அண்ணாந்து, அயலார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "வளவு என்ட. காத்தும் என்ட. உம்மாட சாடிய உம்மாக்கே குடுத்தன். போங்க!"

சாடிகள் இறங்கி வரிசை கட்டின. துரையின் பீங்கான் பாத்திரம் புதினாவோடு முன்னே போயிற்று. கறிவேப்பிலைப் பானை கடைசியாகப் போயிற்று. வேலியைக் கடக்கும்போது ரம்பைத் தகரம் எட்டிப்பார்த்த விதானையின் தலைப்பாகையில் கொஞ்சம் மண்ணை உதிர்த்தது. ஸைனம்பு குடில் வாசலில் நின்றார். "வந்தீங்களா? காலை மட்டும் கீழ வெக்காதீங்க," என்றார். அவை ஒரு முழ உயரத்தில் நின்றுகொண்டன. இலை பறிக்கக் குனிய வேண்டியதில்லை என்பதால் அதுவே வசதியாகவும் போயிற்று.

அடுத்த மாதம் றஸீனாவின் நிக்காஹ் நடந்தது. அன்றைய நெய்ச்சோற்றின் வாசத்தை ஆரையம்பதிச் சந்தியில் நின்று பிடித்தவர்கள் இருக்கிறார்கள். அவளுடைய சீதன உறுதியில் கதிர்காமத்தம்பி, 'நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் நிற்கும் சாடிகள் நீங்கலாக' என்று சேர்த்து எழுதினார். அந்தப் பக்கத்து நொத்தாரிசுமார் அதைப் பார்த்து எழுதி எழுதி, ஒரு சாடிகூட இல்லாத வீட்டின் உறுதியிலும் அந்த வரி வந்துவிட்டது. ஏனென்று எவரும் கேட்பதில்லை.

கைறுன்னிஸாவின் குசினிக்கு, சாடிகள் வேலியைக் கடந்த அன்றைக்கே வாசம் திரும்பியிருந்தது. ஆனால் உம்மாவிடம் இலை வாங்கி வருவது இனி உசனாரின் வேலை என்று அவள் சொல்லிவிட்டாள். அவரும் காலையில் வேலியோரம் போய் நிற்பார்.

"மாமி, உங்கட கறிவேப்பிலையில ஒரு நெட்டுத் தாங்க."

"என்ன மகன்? காது கேக்கல்ல."

'உங்கட' என்பதை அழுத்திச் சொன்னால் பானை வேலியோரம் வந்து ஒரு சாண் இறங்கும். விழுங்கிச் சொன்னால் இறங்காது.