தரைக்கு இன்னும் பதினைந்து டைல்ஸ்

இடுப்பு மூட்டை மாற்றிய நாளிலிருந்து மேஸ்திரிக்கு ஒரே கேள்விதான்: எப்போது குத்துக்காலிட்டு உட்காருவது? முப்பது வருஷமாகத் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற மனுஷன் வேறென்ன கேட்பார்? குந்தினால்தான் அவருக்குச் சோறு.

பிசியோதெரபிக்கார மேடம் முதல் நாளே கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். முழங்கால் உயரத்துக்குக் கீழே உட்காரக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, குனிந்து எதையும் எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மண்டையில் ஏறினால்தானே! புதிதாக ஒட்டிய தரையை மூன்று நாளைக்கு மிதிக்காதீர்கள் என்று வீட்டுக்காரர்களிடம் அவரே எத்தனை முறை சொல்லியிருக்கிறார்! இதுவும் காய்கிற வரைக்கும்தான் என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் போனதும், காய்ந்துவிட்டது என்று அவராகவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மீந்த டைல்ஸில் நாற்பத்தைந்தை அடுக்கினால் முழங்கால் உயரம் வந்தது. அதன்மேல் உட்கார்ந்து எழுவார். தினம் ஒன்றை உருவிவிடுவார். மனைவி பதறிப்போய்க் கேட்டதற்கு, "மேடம்தான் செய்யச் சொன்னாங்க" என்று கூசாமல் புளுகினார். பாவம், அவளும் நம்பிவிட்டாள். தினமும் கையைப் பிடித்து உட்கார வைத்ததும் அவள்தான்.

முப்பதாம் நாள் கிளினிக்கில், மேடம் கேட்காமலேயே மனைவி வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்: "நீங்க சொன்ன மாதிரியே செய்றாரு மேடம். இன்னும் பதினஞ்சு டைல்ஸ்தான். அப்புறம் தரையிலயே உட்கார்ந்துடுவாரு."

மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே அவரைப் படுக்க வைத்துக் காலை மெல்லத் திருப்பிப் பார்த்தாள். வலிக்கிறதா, வலிக்கிறதா என்று பத்து முறை கேட்டாள்.

"மூட்டு கழண்டு வராம இருக்கிறதே பெரிய விஷயம். யாருங்க இப்படிச் செய்யச் சொன்னது?"

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"சரி மேடம், தப்புதான். இன்னும் எத்தனை மாசம் பொறுக்கணும்?"

"மாசக் கணக்கே இல்லீங்க. உங்களுக்கு வெச்சிருக்கிற மூட்டுக்குக் குந்தவே கூடாது. எப்பவுமே."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நின்னுக்கிட்டே சுவத்துல ஒட்டலாமே?" என்றாள் மேடம், நல்ல மனசோடுதான்.

"சுவத்துக்கும் அடி வரிசை தரையிலதானே மேடம் ஆரம்பிக்குது?"

"ஆள் வெச்சு வேலை வாங்குங்க."

"மட்டம் என் கைக்குத்தான் தெரியும். வாயால சொல்லத் தெரியாது."

மேடம் பேச்சை மாற்றினாள். "சரி, எழுந்து கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்றாள்.

நடந்தார். ஊன்றுகோல் இல்லை, சாய்வு இல்லை. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை கல்யாண மாப்பிள்ளைபோல நடந்தார். வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் ஏக்கத்தோடு பார்த்தார்கள். ஒரு பெரியவர் கையைக்கூடத் தட்டினார்.

"அருமையா நடக்கிறீங்க! இதைவிட என்னங்க வேணும்?" என்றாள் மேடம்.

மேஸ்திரி நின்றார்.

"நடக்கிறேன் மேடம். எங்க போகட்டும்?"