கிளீனருக்குச் சாப்பாடு

மீன் செத்துவிட்டது என்று அக்கா போனில் சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. வளர்ப்பு மீன் கடை வைத்திருப்பவனுக்குத் தினமும் பத்துப் பேர் சொல்கிற செய்தி அது.

"தொட்டியை விட்டு வெளிய குதிச்சிருக்குடா. மாமா தூங்கி எழுந்திருக்கிறதுக்குள்ள அதே மாதிரி ஒண்ணு கொண்டு வந்துடு."

"முழங்கை நீள மீனுக்கு நான் எங்கே போவேன்க்கா? கடையில இருக்கிறதெல்லாம் விரல் நீளம்."

ஆனாலும் வாளியோடு போனேன். அவள் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் நடையும் போய் ஒரு வருடம். அந்த மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் மாமாவுக்கு மிச்சமிருந்த ஒரே வேலை. அதுவும் போனால் மனிதர் தாங்க மாட்டார் என்று அக்கா நடுங்கிக்கொண்டிருந்தாள்.

மீன் செய்தித்தாளில் சுருட்டிக் குப்பைக்கூடைக்குள் கிடந்தது. கவசம் போட்ட உடம்பு, அரம் மாதிரிச் சொரசொரப்பு. தூக்கியதும் துடுப்பு முள்ளை உரசிக் கரகரவென்று சத்தம் போட்டது.

"ஐயையோ, உயிரோட இருக்கு!"

"இது லேசுல போற ஆள் இல்லக்கா."

தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு மீனை உள்ளே விட்டேன். செவுள் அசைந்தது. அப்போதுதான் வயிற்றைப் பார்த்தேன். ஒட்டிப்போய்க் குழி விழுந்திருந்தது.

"என்ன சாப்பாடு போடுறே இதுக்கு?"

"சாப்பாடா? அழுக்கைத் தின்னுக்கும், தனியா ஒண்ணும் வேண்டாம்னு நீதானேடா சொன்னே! எட்டு வருஷம் முன்னாடி தொட்டி கிளீனர் மீன்னு என் தலையில கட்டினது யாரு?"

சொன்னேன்தான். வாங்க வருகிற எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன். சொன்னால்தான் விற்கும். வெட்கமாக இருந்தது.

"அழுக்கைத் தின்னு இவ்வளவு பெருசா வளராதுக்கா. யாரோ போட்டிருக்காங்க."

அக்கா ஜன்னலோரம் இருந்த மாமாவின் நாற்காலியைப் பார்த்தாள்.

"தட்டுல வைக்கிற வெள்ளரிக்காயைத் தொட்டிக்குள்ள போட்டுடுவார். தண்ணி நாறுதேன்னு போன மாசம் நாற்காலியைக் கைக்கு எட்டாம ஜன்னல் பக்கம் மாத்தினேன், அங்கேருந்தே பார்க்கட்டும்னு. அன்னையிலேருந்து தட்டைத் தள்ளிவிட்டுத் தொட்டியைக் காட்டிக்கிட்டே இருந்தார். சாப்பிட அடம் பிடிக்கிறார்னு திட்டினேன்டா. தினமும் திட்டினேன்."

உள்ளே மாமா இருமினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்தாள்.

"எத்தனை துண்டுடா?"

"ரெண்டு பேருக்கும் சேர்த்து நறுக்கு."