பிரிட்ஜ் கதவில் ஐந்து வாக்கியங்கள்

போன வருஷம் என் தங்கை நெஸ்மா இங்கிலீஷில் தோற்றுப்போனாள். அவள் மட்டுமில்லை, தேர்வு ஹாலில் முக்கால்வாசிப் பேர் தோற்றார்கள். அதற்கு எங்கள் ஊர் கண்டுபிடித்த காரணம், முடிவெட்டுகிற ஹம்தியின் தொண்டை சரியில்லை என்பது.

எகிப்தில் எங்கள் ஊரில் பள்ளி இறுதித் தேர்வு நடக்கும் விதம் அப்படி. தேர்வு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கேள்வித்தாள் யாருடைய போன் வழியாகவோ வெளியே வந்துவிடும். டியூஷன் சென்டர் நடத்தும் உஸ்தாத் ரிஃப்அத் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு விடைகளைக் குறித்துக் கொடுப்பார். பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியே ஒருவர் நின்று அதை ஒலிபெருக்கியில் வாசிப்பார். ஒன்று பி, இரண்டு ஏ, மூன்று டி. உள்ளே பிள்ளைகள் வட்டத்தைக் கருப்பாக்குவார்கள். இதைத் திருட்டு என்று இங்கே யாரும் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு ஒத்தாசை என்பார்கள். காவலுக்கு வரும் போலீஸ்காரர்கூடத் தேநீரை வேறு பக்கம் திரும்பித்தான் குடிப்பார்.

கேள்வித்தாள் ஒரே மாதிரி வருவதில்லை. நாலு விதமாக அச்சடிக்கிறார்கள். கேள்விகள் எல்லாம் ஒன்றுதான், வரிசைதான் வேறு. உன் முதல் கேள்வி பக்கத்தில் இருப்பவளுக்கு இருபதாவதாக இருக்கும். சுவருக்கு வெளியே நின்று ஒரே வரிசையை வாசித்தால் முக்கால்வாசிப் பேர் கிணற்றில் விழவேண்டியதுதான். இதை நான் ஊரில் சொல்லாத வாசல் இல்லை. அடுத்த ஊர்ப் பள்ளியில் இங்கிலீஷ் நடத்துகிற டீச்சர், ஊரே 'அப்லா' என்று கூப்பிடுகிறவள், சொல்கிறேன். யார் கேட்டார்கள்?

"ஹம்தி வாசிச்சது யாருக்குமே சரியாக் கேக்கல அப்லா. பிக்கும் டிக்கும் வித்தியாசம் தெரியல. அதான் வினை" என்றான் ஷவ்கி. ரிஃப்அத்தின் சென்டருக்குப் பிள்ளை பிடித்துக் கொடுக்கும் ஆள். போதாக்குறைக்கு எங்கள் அத்தை மகன். நெஸ்மா இந்த முறையும் தோற்றால் அவனுக்குக் கட்டிவைப்பது என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். நெஸ்மாவின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. அவள் கேட்டதெல்லாம் மின்யா நகரத்தில் நர்சிங் படிப்பு. அதற்கு முதலில் இந்த இங்கிலீஷைத் தாண்டவேண்டும்.

"வரிசை மாறும்னு உனக்குத்தான் தெரியுமே, அப்புறம் ஏண்டி அந்தச் சத்தத்தக் கேட்டு எழுதின?" என்று ரிசல்ட் வந்த அன்று கத்தினேன்.

"எல்லாரும் எழுதுறப்ப என் கை தனியா நிக்க மாட்டேங்குதுக்கா" என்றாள்.

மறுநாளே பயிற்சியைத் தொடங்கினோம்.

அப்பா பழைய சாமான் வியாபாரி. முற்றத்தில் உடைந்த வாஷிங்மெஷின்களுக்கு நடுவே ஒரு பிரிட்ஜ் கதவு சாய்ந்து கிடந்தது. வெள்ளையாக, வழுவழுவென்று. மார்க்கரால் எழுதினால் துணியால் அழிந்துவிடும். தினமும் விடிகாலை பஜ்ர் தொழுகை முடிந்ததும் அதில் ஐந்து வாக்கியம் எழுதுவேன், ஒவ்வொன்றிலும் ஒரு தப்பு இருக்கும். பக்கத்தில் ஐந்து புதுச் சொல். தப்பைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும், ஏன் தப்பு என்று சொல்ல வேண்டும், புதுச் சொல் ஒவ்வொன்றையும் வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் ரொட்டியும் ஃபூல் என்கிற மொச்சை மசியலும். நெஸ்மாவின் வாக்கியங்களில் எப்போதும் ஷவ்கி வருவான். 'ஷவ்கி கால்வாயில் விழுந்தான்.' 'ஷவ்கியை வாத்து துரத்துகிறது.' 'நாளைக்கு இந்நேரம் ஷவ்கி அழுதுகொண்டிருப்பான்.' காலம் எதையும் அவள் விட்டுவைக்கவில்லை.

இடைஞ்சல் அப்பாதான். நாங்கள் உட்காரும் அதே நேரத்தில்தான் அவர் வண்டியைக் கிளப்புவார். வண்டிக் கூரைமேல் கட்டிய ஒலிபெருக்கியை முற்றத்திலேயே சோதிப்பார். "பழைய பிரிட்ஜ்... வாஷிங்மெஷின்... இரும்பு, பித்தளை... ஒடஞ்ச எதுவும்..." காது ஜவ்வு கிழிந்துவிடும்.

"அப்பா, கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்!"

"மைக் வேல செய்யுதான்னு தெருவுக்குப் போயா பாக்கச் சொல்ற? நீ ஒம்பாட்டுக்குப் படி, நான் எம்பாட்டுக்குக் கத்துறேன்."

நெஸ்மா காதைப் பொத்திக்கொள்வாள். "ரெண்டு கையும் காதுல இருந்தா எதால எழுதுவ?" என்று கையைத் தட்டிவிடுவேன். குளிர்காலம் முழுக்க இந்தச் சண்டை நடந்தது. பிறகு அவள் பொத்திக்கொள்வதை விட்டுவிட்டாள். நான் மட்டும் தினமும் அப்பாவோடு மல்லுக்கு நின்றேன்.

ஜூன் வந்தது. தேர்வுக்கு முந்தைய நாள் மத்தியானம் ஷவ்கி வீட்டுக்கு வந்தான். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து தொடையைத் தட்டினான்.

"மாமா, இந்தத் தடவ ஊரே ஒங்களத்தான் கேக்குது. ஒங்க தொண்ட, ஒங்க மைக். பக்கத்து ஊர் வரைக்கும் கேக்குமில்ல?"

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். மெத்வல்லி என்ற அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆண் வாரிசு இல்லாததால் ஊருக்கு அவர் அபுல்பனாத், பொட்டப்பிள்ளைகளின் அப்பன். கூப்பிடும்போதே சிரிப்பார்கள். அந்த ஊர் இன்று அவரைத் தேடி வந்திருக்கிறது. அவருக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. ஏ பி சி டி என்று நாலு எழுத்தை ஷவ்கி சொல்லிக்கொடுக்க, தேநீர் ஆறும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

"அப்பா, வேண்டாம். வரிசை மாறும்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்?"

"ஓம் படிப்புக்கு நான் என்ன செஞ்சேன் இந்திஸார்? ஒரு எழுத்து சொல்லிக்குடுக்க முடிஞ்சுதா? சின்னவளுக்காவது இந்தத் தொண்டையால ஒண்ணு செய்யறேன், விடு தாயி."

நெஸ்மா மூலையில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பா கூப்பிட்டால் குடித்துக்கொண்டிருக்கும் தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு ஓடும் பெண் அவள். போன வருஷம் முடிவெட்டுகிறவன் குரலுக்கே நிற்காத கை, நாளைக்கு அப்பன் குரலுக்கு எப்படி நிற்கும்?

அன்று சாயங்காலம் "என்ன செய்வ?" என்று அவளிடம் கேட்டேன். "தெரியலக்கா, என்னக் கேக்காத" என்று பிரிட்ஜ் கதவைத் துடைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் அம்மாக்கள் நடைபாதையில் உட்கார்ந்து குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். வெயில் அப்போதே சுட்டது. ஹால் ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. டீச்சராகவே இருந்தாலும் ஊர்க்காரர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. நான் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் உள்ளங்கை ஈரத்தில் துருதான் ஒட்டியது.

பள்ளி மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் அப்பாவின் வண்டி வந்து சுவரை ஒட்டி நின்றது. பின்னால் ரிஃப்அத்தின் கார். ஷவ்கி கையில் ஒரு துண்டுத் தாளோடு வண்டிமேல் ஏறி அப்பாவின் காதில் சொன்னான். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணு... சீ! ரெண்டு... ஏ! மூணு... சீ!"

கால்வாய்க்கு அந்தப் பக்கம் மேய்ந்த எருமைகூடத் தலையைத் தூக்கியது. அம்மாக்கள் ஓதுவதை நிறுத்திவிட்டுக் கையை வானத்துக்கு உயர்த்தினார்கள். நான் ஓடினேன்.

"அப்பா! நிறுத்துங்க! அவ பேப்பர் வேற!"

ஷவ்கி மேலிருந்தபடியே சிரித்தான். "அப்லா, நீங்க டிகிரி வாங்குனது தெரியும். ஊர்ப் பிள்ளைங்களும் வாங்கட்டுமே."

"ஒன்னோட உஸ்தாத கார விட்டு எறங்கிவந்து சொல்லச் சொல்லுடா, எல்லாப் பேப்பரும் ஒரே வரிசைதான்னு!"

காரின் கண்ணாடி இறங்கவில்லை. நான் வண்டியின் டயரில் கால் வைத்து ஏறி, ஒலிபெருக்கிக்குப் போகும் வயரைப் பிடித்தேன். ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அதற்குள் அம்மாக்களில் ஒருத்தியான உம்மு ஹிந்த் பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மூன்று பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

"ஒன் வயிறெரிச்சல எங்க பிள்ளைங்க தலையில கொட்டாதடி! நீ ஒருத்தி மட்டும் படிச்சவளா இருக்கணும், அதானே?"

"ஒந் தங்கச்சிக்கும் சேத்துத்தாண்டி அந்த மனுசன் கத்துறாரு!"

என்னைக் கீழே இழுத்து நடைபாதையில் உட்காரவைத்தார்கள். எழுந்தால் மறுபடி அமுக்கினார்கள். என் தலைத்துணி அவிழ்ந்து தொங்கியது. அப்பா ஒரே ஒரு முறை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார், அடுத்த எண்ணைக் கத்தினார். ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ளே ஒரு வட்டம் கருப்பாவது எனக்குத் தெரிந்தது. நெஸ்மா முதலில் நிமிர்ந்திருப்பாள். குரல் யாருடையது என்று புரிந்திருக்கும். பேனாவை எடுத்திருப்பாள். ஷவ்கி வீட்டுச் சமையலறை என் கண்ணுக்கு வந்தது. அதன் புகைக்கூண்டு, அத்தையின் குரல், நெஸ்மாவின் முதுகு. வாய்விட்டு அழக்கூட முடியாத ஆத்திரம்.

கடைசி எண்ணைச் சொல்லி முடிக்கும்போது அப்பாவின் குரல் உடைந்திருந்தது. யாரோ அவருக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தார்கள். "அல்லா ஒந் தொண்டைக்குச் சுகம் குடுக்கட்டும் மெத்வல்லி!" என்றார் ஒருவர். அபுல்பனாத் என்று சொல்லவில்லை. அதையும் நான் கவனித்தேன்.

அடுத்த மணி அடித்ததும் முதலில் வெளியே வந்தவள் உம்மு ஹிந்தின் மகள் ஹிந்த். கதவைத் தாண்டும்போதே அழுதுகொண்டிருந்தாள்.

"எம்மா, எல்லாம் போச்சும்மா! சொன்னதுக்கும் என் பேப்பருக்கும் சம்மந்தமே இல்ல. எல்லாத்தையும் கருப்பாக்கினதுக்கு அப்புறந்தான் பாத்தேன். அழிக்கக்கூட முடியல!"

அவளுக்குப் பின்னால் வந்த இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் வந்த நாலு பேர், எல்லோரும் இதே பாட்டு. ஒருத்தி மட்டும் பேசாமல் வேகமாகப் போனாள். வாசித்த வரிசை அவளுடையதாக இருந்திருக்க வேண்டும். ரிஃப்அத்தின் கார் எப்போது கிளம்பியது என்று யாரும் பார்க்கவில்லை. ஷவ்கியும் இல்லை. வண்டிமேல் கரும்புச்சாற்று டம்ளரோடு அப்பா மட்டும் நின்றார்.

"அபுல்பனாத்! எம் பிள்ள வாழ்க்கையக் கெடுத்தியேடா!" என்னைப் பிடித்து அமுக்கிய அதே உம்மு ஹிந்த் செருப்பைக் கழற்றி வீசினாள். அது ஒலிபெருக்கியில் பட்டு விழுந்தது. அப்பா குனியவும் இல்லை, விலகவும் இல்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நெஸ்மா வர நேரமானது. அவள் வந்தபோது பாதிக் கூட்டம் கலைந்திருந்தது. கையெல்லாம் மை. நான் போய்த் தோளைப் பிடித்தேன்.

"எழுதுனியாடி? அப்பா சொன்னதயா எழுதுன?"

"அப்பாவா?" அவள் வண்டியைப் பார்த்தாள், கீழே கிடந்த செருப்பைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் முகம் மாறியது. "இன்னிக்குன்னு தெரியும். காத்துக்கிட்டேதான் இருந்தேன்க்கா, எப்ப ஆரம்பிப்பாரு, கேட்டா என்ன செய்யறதுன்னு. சத்தம் வந்துச்சு. வந்ததும் கை தானா தப்பத் தேட ஆரம்பிச்சிருச்சு, தினம் காலையில அவரு சத்தத்துக்கு நடுவுல செய்யற மாதிரி. அப்புறம் என்ன சொன்னாருன்னே காதுல விழல."

அப்பா வண்டியிலிருந்து இறங்கி வந்தார். தொண்டை கட்டிப்போய் காற்றுதான் வந்தது.

"கேட்டுச்சா கண்ணு, எங் கொரலு?"

நெஸ்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "கேட்டுச்சுப்பா. பழைய பிரிட்ஜ் வாங்குறீங்கன்னு நெனச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப நீ என்ன எழுதின?"

"எனக்குத் தெரிஞ்சத."

"அது சரியா?" இந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டார். வீட்டின் ஒரே பட்டதாரியிடம். அவர் கண்ணில் இருந்த பயம் எனக்குப் புதிதில்லை. காலையிலிருந்து என்னிடம் இருப்பதும் அதுதான். ஹால் முழுக்க ஒரே மாதிரித் தப்பு இருந்தால் எல்லோர் பேப்பரையும் தள்ளிவிடுவார்கள் என்ற பேச்சும் உண்டு. அதை அவரிடம் சொல்லவில்லை.

"ரிசல்ட் வரட்டும்" என்றேன்.

அப்பா தலையாட்டினார். வண்டிமேல் ஏறி ஒலிபெருக்கியின் வயரைக் கழற்றிச் சுருட்டி என் கையில் கொடுத்தார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன். நெஸ்மா நடுவில். மார்க்கெட் தெருவில் ஒரு வீட்டு வாசலில் உடைந்த வாஷிங்மெஷினைப் போட்டு வைத்திருந்தார்கள். அப்பா அதைப் பார்த்தார். வண்டியை நிறுத்தவில்லை.