மார்லிஸுக்குத் தனி பாலிசி

வெண்டலின் புதுப் பிக்கப் வண்டியைப் பார்த்தாலே மார்லிஸுக்கு எரிச்சல். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிக்கப் வைத்திருப்பவன் வைக்கோல் கட்டாவது ஏற்றுவான். அவள் புருஷன் அதில் ஏற்றியது தன் தொப்பையை மட்டும்தான். அவளோ வீடு வீடாகப் போய்க் கிழடுகளின் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். அவளுடைய பழைய கார் சரளைச் சாலைகளில் நாளெல்லாம் மாரடித்தது.

இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்க அவன் பிக்கப்பில் வந்தான். அவள் வேலையிலிருந்து நேரே தன் காரில் வந்தாள். ஏஜென்ட் கேலன் வெண்டலின் பள்ளித் தோழன். பள்ளி நாளில் ஜெயித்த ஒரே ஆட்டத்தை இரண்டு பேரும் இன்னும் மென்றுகொண்டிருந்தார்கள்.

"மச்சான், என் வண்டிக்கு எல்லாம் போடு. ஆலங்கட்டி, திருட்டு, கண்ணாடி, ஒண்ணு விடாத. அவ டப்பாவுக்குத் தேர்ட் பார்ட்டி போதும். போனா போகட்டும்."

"போன வாரம்தான் என் கார்ல மான் வந்து மோதிச்சு," என்றாள் மார்லிஸ்.

"அப்போ மான்கிட்டயே போய் நஷ்டஈடு கேளு!"

கேலன் வயிறு குலுங்கச் சிரித்தான். "வெண்டல் சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ சும்மா இரு, மார்லிஸ்."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல் இருவரையும் பார்த்தாள்.

"கேலன், அவன் பாலிசியிலேருந்து என்னை எடுத்துடு. எனக்குத் தனியாப் போடு. விலாசமும் வேற. என் தங்கச்சி ரோண்டா வீடு."

"என்னடி உளர்றே? ஒரு ஓட்டைக் காருக்காகவா?"

"காரு கிடக்கட்டும். உள்ள நான் இருந்தேன், வெண்டல். அடி பட்டுச்சான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

வெண்டல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். கதவை அறைந்துவிட்டு வெளியே போனான்.

புது வாடிக்கையாளர் வாசனை பட்டதும் கேலனின் முதுகு நிமிர்ந்தது. "உக்காருங்க, மார்லிஸ். காபி சாப்பிடறீங்களா?"

"இந்த மரியாதை பாலிசியோட வருதா, இதுக்குத் தனிக் கட்டணமா?"

அவன் அசடு வழிந்தான். ஊரில் வேறு ஏஜென்ட் இல்லாத பாவத்துக்கு அவள் உட்கார்ந்தாள்.

"ஓட்டுறவங்களுக்கு அடி பட்டா ஆஸ்பத்திரிச் செலவு தர்றது எது? முதல்ல அதைப் போடு."

மற்றதையும் அவசரப்படாமல் கேட்டுக் கேட்டுத் தேர்ந்தெடுத்தாள். அவள் வந்து கெஞ்சுவாள் என்று வெண்டல் பிக்கப்பில் காத்திருந்தான். அவள் வெளியே வந்து, அந்தப் பக்கம் திரும்பாமல், ரோண்டா வீட்டுக்கு வண்டியை விட்டாள்.