பாலத்துக்கு ஏழாம் நாள் பூசை

பெலர்மீனு சர்ஸேதாஸ் தன் முதல் நல்ல கவிதையை எழுதி முடித்த 1924 மார்ச் பதினோராம் தேதி காலை, அவன் பிறந்த பெத்ரா ஃபுந்தாவில் ஆற்றுப்பாலம் இல்லாமல் போனது. இடியவில்லை, வெள்ளம் அடித்துப்போகவும் இல்லை. பாதிப் பாலத்தில் கழுதை ஓட்டிக்கொண்டிருந்தவன் அடுத்த அடியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றான், அவ்வளவுதான். கவிதை அந்தப் பாலத்தைப் பற்றியது என்று, தலைநகர் ரியோவிலிருந்து பத்திரிகை வந்த பிறகே தெரிந்தது. மறு வருஷம் அவன் எழுதியதும் அவன் வீட்டுக் கொல்லையிலிருந்த ஜபுத்திகாபா மரம் பழங்களோடு போனது. அதற்கடுத்து மாதா கோயிலின் பெரிய மணி. செத்தவருக்கு ஏழாம் நாள் பூசை வைக்காமல் விடுகிற ஊர் இல்லை எங்களுடையது. பாலத்துக்கும் வைத்தோம், மரத்துக்கும் வைத்தோம். மணியின் பூசைக்கு அடிக்க மணி இல்லாததால், பாதிரியார் வீடு வீடாகப் போய் வாசலில் கைதட்டிக் கூப்பிட்டார்.

பெலர்மீனு ரியோவில் ஓர் அமைச்சகத்தில் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தான். புதுக்கவிஞர்களோடு சேர்ந்து எதுகையையும் சந்தத்தையும் கைவிட்டவன். "எதுகை போனப்பவே எனக்குத் தெரியும், மத்ததும் ஒண்ணொண்ணாப் போகும்னு," என்றார் முடிவெட்டும் லின்டோல்ஃபு. அப்போது இரும்புக் கம்பெனி ஒன்று எங்கள் மலையை வெட்டி ரயிலில் ஏற்றிக்கொண்டிருந்தது. ஊரே இருமியது. கம்பெனியை எழுதித் தொலைக்கும்படி எல்லோரும் கையெழுத்துப் போட்டு அவனுக்கு மனு அனுப்பினோம். நாற்பது வரி எழுதினான், கொதிக்கிற வரிகள். கம்பெனியின் ஓர் ஆணிகூட அசையவில்லை. ஓரமாக ஒரு வரியில் வந்த மலைதான், வெட்டியது போக மிச்சமிருந்த மட்டும், மறைந்தது. கம்பெனி அடுத்த மலைக்குப் போனது. அவன் நேசிப்பது மட்டுமே போகும் என்று அன்றைக்குத்தான் எங்கள் மண்டையில் உறைத்தது.

அவனுக்கு இது தெரியாது என்று எழுதுகிறவர்கள் அவனுடைய விமர்சகர்கள். நாங்கள் அவனுடைய ஊர்க்காரர்கள். தெரிந்தேதான் எழுதினான், பாவி. தொலைந்த ஊரைப் பாடும் கவிஞன் என்று பதக்கம் மேல் பதக்கமாக வாங்கினான்.

தாயில்லாத அவனை வளர்த்தவள் அக்கா சுல்மீரா. மலை போன வருஷம் அவன் வந்திருந்தபோது அவள் கரண்டியை நீட்டிக்கொண்டு சொன்னாள்: "மரத்தை எழுதின, பொறுத்துக்கிட்டேன். என்னை எழுதின, கையை ஒடிச்சிருவேன்." மாதா மேல் சத்தியம் செய்தான். இருபத்தாறு வருஷம் அதைக் காப்பாற்றவும் செய்தான். அக்காவுக்கு ஒரு வரிகூட இல்லையே, பாசமே கிடையாதோ என்று ஊர் பேசியது. போகப்போக அவளுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது.

1957இல் அவளுக்குத் தொண்டையில் புற்று வந்தது. வலிக்கு ஊசி வர ரயிலில் இரண்டு நாள் ஆகும், பல சமயம் வராது. தந்தியடித்துத் தம்பியை வரவழைத்தாள்.

"எழுதுடா பெலு. தாங்க முடியல."

"எழுதியும் நீ போகலைன்னா, அக்கா?"

"அப்ப ஒண்ணு தெரிஞ்சுக்குவேன். போயிட்டா, தெரிஞ்சுக்க நான் இருக்க மாட்டேன். எப்படியும் எனக்குத்தான் நஷ்டம். எழுது."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிலருகே உட்கார்ந்தான். முதலில் அவளுடைய வலியை எழுதினான், அவள் அப்படியே கிடந்தாள். தியாகத்தை எழுதினான், இருமினாள். அவன் அந்தத் தாளைக் கசக்கி எறிந்ததை ஜன்னலில் நின்ற நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பிறகு, சின்ன வயதில் சோளக்கூழைத் தனக்கு ஊட்டும் முன் அவள் ஊதி ஆற்றி உதட்டில் வைத்துப் பார்ப்பதை எழுதினான். போர்வை தட்டையானது. பேனாவை மூடிவிட்டு அவன் வாய்விட்டு அழுதான். ஏழாம் நாள் பூசையில் முன்வரிசையில் மண்டியிட்டிருந்தான்.

அதன் பிறகும் பதினொரு வருஷம் எழுதினான். ஊரைப் பற்றியே ஆறு புத்தகம். ஒவ்வொன்றும் வந்ததும் நாங்கள் தெருத்தெருவாகச் சுற்றிச் சரிபார்த்தோம். ஓர் ஓடுகூடக் குறையவில்லை. மூன்றாவது புத்தகத்துக்குப் பிறகு தைரியம் வந்து, ஆற்றில் புதுப் பாலம் கட்டிக்கொண்டோம்.