செல்லக்கண்ணு கையில் ஒரு வாள்

“மொதல்ல அந்தக் கத்திய எடு பாப்பா. சாவுப் படத்துல கத்தி எதுக்கு?” என்றார் செல்லதுரை சித்தப்பா.

கவியா மவுஸைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அவள் அப்பா செல்லக்கண்ணு, நீலமாக ஜொலிக்கும் வாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதே அப்பா இப்போது ஊரில், வாசல் பந்தலுக்குக் கீழே, தலையிலிருந்து கால்வரை வெள்ளைத்துணி சுற்றிக் கிடந்தார். முந்தின நாள் சாயங்காலம், இவள் வேலை பார்க்கும் போட்டோக் கடையிலிருந்து இவளைக் கூட்டிப்போக சைக்கிளில் வந்துகொண்டிருந்தவரை, ஜெயங்கொண்டம் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரி அடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்தவர்கள், முகத்தை மட்டும் திறக்கவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். திறந்து பார்க்க அங்கே முகம் என்று ஒன்று இல்லை.

அம்மா ரத்தினம்மாள் காலையிலிருந்து ஒன்றையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். “மூஞ்சிய ஒரு தடவ காட்டுங்களேன். ஒரே ஒரு தடவ.” யாரும் காட்டவில்லை. கடைசியில் பங்காளிகள் கூடிப் பேசி, எடுப்பதற்குள் ஒரு படத்தையாவது கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிடுவோம், அதைப் பார்த்தாவது அந்தப் பொம்பளை மனசாறட்டும் என்று முடிவு செய்தார்கள். படம் செய்கிறவள் வீட்டிலேயே இருக்கிறாள், அப்புறமென்ன? அழுதுகொண்டிருந்தவளைக் கைத்தாங்கலாகத் தூக்கி, சித்தப்பாவின் மொபெட்டில் உட்காரவைத்து அரியலூர்க் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். பெற்ற அப்பனுக்குச் சாவுப் படம் செய்கிற கொடுமை எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது.

வேறு படமே இல்லாத மனிதரா என்று கேட்கலாம். இல்லைதான். கல்யாணம் கோயிலில் தாலி கட்டியதோடு முடிந்துபோனது, போட்டோக்காரருக்கெல்லாம் யாரும் சொல்லவில்லை. ரேஷன் கார்டில் ஒட்டியிருந்த படத்தில் கூரைத்தண்ணி இறங்கி, தோள்பட்டை மட்டும் மிச்சம். வாக்காளர் அட்டையிலோ அவர் பெயருக்குப் பக்கத்தில் யாரோ ஒரு மீசைக்காரர் இருந்தார். “ஓட்டு நாம்போடுறேன், போட்டோவுக்கு அவன் வந்துட்டான்” என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்த அட்டை வெளியே வரும்போதெல்லாம் அம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, “யாரு இந்த ஆம்பள, எங்க வூட்டுக்குள்ள?” என்று வெட்கப்படுவதுபோல் நடிப்பாள். அந்த வீட்டில் அது ஒரு நிரந்தர வேடிக்கை.

மிச்சமிருந்தது இந்த வாள் படம் ஒன்றுதான்.

போன ஆடியில் கோயில் திருவிழாவுக்குத் தெருப்பையன்கள் பேனர் அடித்தார்கள். ஆளாளுக்குக் கையில் ஜொலிக்கிற வாள் வேண்டுமென்று அடம். கவியாவுக்கு அது தண்ணிபட்ட பாடு. ஏதாவது ஒரு கம்பியைப் பிடித்து நிற்கச் சொல்லிப் படமெடுப்பாள். கம்பிமேல் வெள்ளைக்கோடு இழுத்து, அதையே மேலே இன்னொரு அடுக்காக, லேயராக வைத்துக் கலங்கலாக்கி, நீலமோ சிவப்போ ஏற்றினால் வாள் எரிய ஆரம்பித்துவிடும். அவளைக் கூட்டிப்போக வரும் அப்பா எப்போதும், காலெல்லாம் சுண்ணாம்பு என்று கடைவாசலிலேயே நிற்பார். அன்றைக்கு மழை. உள்ளே வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

“அதுல நெருப்பு இருக்கா ஆயி?”

“இல்லப்பா. சும்மா வெளிச்சம்.”

“அப்ப சுடாது?”

“சுடாது.”

“அப்ப எனக்கும் ஒண்ணு குடேன்.”

ஸ்டூடியோவில் கிடந்த உடைந்த குடைக்கம்பியைக் கையில் கொடுத்தாள். குவாரியில் கடப்பாரை பிடித்த கை. கம்பியையும் கடப்பாரை மாதிரியேதான் பிடித்தது. படமெடுத்து, வாளை ஏற்றிப் பார்த்தாள். வாள் எடுபடவில்லை, வெளிறிப்போய்த் தெரிந்தது.

“சுத்தி இருட்டாக்குனாத்தாம்ப்பா வெளிச்சம் தெரியும்.”

“ஆக்கு ஆயி. நாந்தான் கறுப்பாச்சே, இன்னம் கொஞ்சம் கறுத்தா என்ன கொறஞ்சிரப் போவுது?”

ஆக்கினாள். சுவரை, சட்டையை, வாளுக்கு அந்தப்பக்கம் இருந்த வலது கன்னத்தை, கண்ணை எல்லாம் இருட்டினாள். இடது கன்னத்தில் வாளின் வெளிச்சம் படுவதுபோல் நீலம் தடவினாள். கடைக் கம்ப்யூட்டருக்கு லேயர் கூடினால் மூச்சு முட்டும். எல்லாவற்றையும் ஒன்றாக்கித்தான் சேமிக்க வேண்டும் என்பது முதலாளி வைத்திலிங்கத்தின் கட்டளை. அப்படியே சேமித்தாள். கேமராவில் இருந்ததை மறுநாள் காதுகுத்துப் படங்களுக்காக அழித்தாயிற்று. சின்னதாக எடுத்துக் கொடுத்த பிரிண்ட்டை அப்பா சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகக் காட்டினார். அந்தச் சட்டை இப்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த பாலிதீன் பைக்குள் நனைந்து கிடக்கிறது. பையைப் பிரிக்க யாருக்கும் தெம்பில்லை.

வாளை எடுப்பதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. பக்கத்துச் சட்டைத்துணியை எடுத்து எடுத்து மேலே ஒட்டினாள். வாள் போய்விட்டது. அதன் வெளிச்சம்தான் போகவில்லை. எங்கிருந்து வருகிறதென்றே தெரியாத நீலம் அப்பாவின் இடது கன்னத்தில் அப்பியிருந்தது. இருட்டாக்கிய வலப்பக்கத்தை மெல்ல மெல்ல வெளுக்கவைத்துப் பார்த்தாள். இருட்டு விலகினால் உள்ளே முகம் இருக்கும் என்று பைத்தியம் மாதிரி நம்பினாள். முகம் வரவில்லை. சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ வந்தது. கன்ட்ரோல் இசட்டை அழுத்தினாள், மறுபடி மறுபடி அழுத்தினாள். இன்று செய்தவையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று, மறுபடி வாளோடு வந்து நின்றார் அப்பா. அதற்கு முன்னால் போக அந்தப் பட்டனுக்கு வழியில்லை.

வைத்திலிங்கம் டீயை மேஜையில் வைத்தார். நல்ல மனுஷன்தான், துக்கத்துக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் தொழிலைச் சொன்னார்.

“வெளிச்சம் பட்ட பக்கத்த அப்படியே திருப்பிப் போடும்மா. மூஞ்சின்னா ரெண்டு பக்கமும் ஒண்ணுதான?”

“ஒண்ணு இல்லங்க சார்” என்றாள் கவியா.

அப்பாவின் வலது கண் கொஞ்சம் சின்னது. சிரித்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். வலது கன்னத்தில் எந்நேரமும் வெற்றிலை அடைத்திருக்கும்; அந்த உப்பலோடுதான் அவர் பேசுவார், திட்டுவார், தூங்கக்கூடச் செய்வார். அவரை அவராக்கிய அத்தனையும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அதைத்தான் பார்த்துப் பார்த்து இருட்டாக்கியிருந்தாள்.

சித்தப்பாவின் போன் அடித்தது. “சரி, சரி, கெளம்பிட்டோம்” என்று வைத்துவிட்டு, “அறுத்த ஒடம்பு பாப்பா, தாங்காதுங்கறாங்க. இருக்கறத முடி” என்றார்.

கவியா இடது பாதியை வெட்டினாள், திருப்பினாள், ஒட்டினாள். மாட்டுக்கொம்பு கிழித்த புருவத் தழும்பு இரண்டு பக்கமும் வந்து நின்றது. ஒன்றை அழித்தாள். நீலத்தைப் போக்க வேறு வழியில்லாமல், யாரோ ஒரு கல்யாண மாப்பிள்ளையின் படத்தைத் திறந்து அவன் தோல் நிறத்தை எடுத்துப் பூசினாள். இரண்டு கண்ணும் ஒரே அளவில், இரண்டு கன்னமும் வெற்றிலை காணாமல், நெற்றி நடுவிலிருந்து இரண்டு பாதியும் ஒன்றுபோல ஒரு முகம் திரையில் எழும்பியது. குளித்துத் தலைசீவி வந்தவர்போல் சுத்தமாக இருந்தார் அந்த மனிதர்.

“எப்படி இருக்கு சித்தப்பா?”

“அண்ணந்தான். அண்ணனேதான்” என்றார் செல்லதுரை, வாசலில் நிறுத்தியிருந்த மொபெட்டைப் பார்த்தபடி.

பெரிய பிரிண்ட் எடுத்து, சட்டம் போட்டு, அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். ஊர் வருகிறவரை ஒருதரம்கூட அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் போகட்டும் என்று கும்பிட்டுக்கொண்டே போனாள். அழுது வீங்கிய கண்தானே, கூட்டத்தில் நெரிசலில் ஒரு நிமிஷம் பார்க்கப்போகிறாள். பெயர் எழுதியிருக்கிறது, மாலை போடப்போகிறார்கள், அதற்குள் அப்பாவைக் கண்டுகொள்ளட்டும். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

பாடை கட்டியாகியிருந்தது. தலைமாட்டில் நாற்காலி போட்டுப் படத்தைச் சாய்த்து வைத்து, மாலையும் போட்டார்கள். பெண்கள் அம்மாவைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள்.

“இந்தா பாரு அண்ணி, ஒம் மவ கொண்டாந்துட்டா. நல்லா பாத்துக்க” என்றார் சித்தப்பா.

ஒப்பாரி நின்றது. அம்மா குனிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். சட்டத்தின் ஓரத்தைத் தொட்டாள். மறுபடி பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கவியாவின் கைகளைப் பார்த்தாள், அதில் வேறு படம் எதுவும் இருக்கிறதா என்று. கைகள் வெறுமையாக இருந்தன.

அம்மா முந்தானையை இழுத்துத் தோளை நன்றாக மூடிக்கொண்டாள். படத்துக்கு முதுகைக் காட்டி, துணி சுற்றிக் கிடந்தவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.